கைமூச்சு

ஆஸ்பத்திரித் தாதி மங்கையற்கரசி மிஸியைத் தெரியாத வீடு படுவான்கரையில் குறைவு. ஊசி நோகாமல் போடுவாள் என்பதற்காக அல்ல. அதில் அவளுக்கு அப்படியொன்றும் நல்ல பெயர் கிடையாது. நரம்பு தேடிக் கையைச் சல்லடையாக்கிவிடுவாள் என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. அவளுக்குப் பெயர் வந்தது வேறொரு காரியத்தால். இனிப் பிழைக்காது என்று டொக்டர் கைவிட்ட ஆட்களை, மூச்சு அடங்குமுன் வாவிக்கு அக்கரையிலுள்ள வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

யுத்த காலத்தில் இது சின்ன உதவியில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. நகரமும் ஆஸ்பத்திரியும் ஆமியும் அங்கே. மேற்கே படுவான்கரை, வயலும் மாடும் இயக்கமும் அங்கே. நடுவில் ஒரு துறை. இரண்டு பெரிய தோணிகளைப் பிணைத்து மேலே பலகையடித்த மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் நாலு மணிக்கு அது நின்றுவிடும். உயிருள்ள ஆளென்றால் ஒரு கடிதத்தோடு அக்கரைக்குப் போகலாம். பிரேதமென்றால் மரண விசாரணை, கையெழுத்து, பிறகு ஆமியின் காவலரணான சென்றியில் பெட்டியைத் திறந்து காட்டுவது. மங்கையற்கரசியின் தகப்பனே அப்படி இரண்டு நாள் துறையில் கிடந்தவர். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது முகத்தைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாய் மூடிய பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள்.

படுவான்கரைச் சனத்துக்குச் சொந்த வீட்டு வளவில் மூச்சு விடுவது பெரிய காரியம். வீட்டுப் பாயில் கிடத்தி, வாயில் பால் தொட்டு வைத்து, காதில் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும். அதற்காகத் துண்டு வெட்டித் தரச்சொல்லி ஆஸ்பத்திரியில் கெஞ்சுவார்கள். துண்டு வெட்டினால் ஆள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் தானாக மூச்சுவிட முடியாத ஆள் எப்படிப் போவது? தொண்டையில் குழாய் இருக்கும், குழாயின் நுனியில் ஒரு ரப்பர்ப் பை. பையை அமத்தினால் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். சனம் அதற்குக் கைமூச்சு என்று பெயர் வைத்திருந்தது. மங்கையற்கரசி தன்னுடைய லீவு நாளில் வண்டியிலும் பாதையிலும் கூடவே குந்தியிருந்து கைமூச்சுக் கொடுத்துக்கொண்டு போவாள். எல்லாரும் அழுது, பால் வைத்து முடிந்ததும் கையை எடுப்பாள். இப்படி ஆறு பேர். போகிற வழிக்குப் புண்ணியம் என்று சனம் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஏழாவது ஆள் அருமைநாயகம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிறந்து ஒரு கிழமை இருக்கும். மார்கழி மழை விட்டபாடில்லை, வாவி முட்டிக் கிடந்தது. வவுணதீவுக்கு உள்ளே ஒரு வயல்வட்டையில், கதிர் தள்ளப்போகிற குடலைப் பயிருக்குப் பன்றி இறங்காமல் காவலிருந்தவன் அருமைநாயகம். முப்பத்தெட்டு வயது. காவல் வாடியில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். விடிந்ததும் வயிற்றுவலி என்று வீட்டுக்கு நடந்து வந்தான். கொஞ்ச நேரத்தில் கண் இமை இரண்டும் தொங்கிவிட்டன. குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. அண்ணன் சீனித்தம்பி அவனை நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியிடம் கொண்டுபோனான். பரிசாரி உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாய் அகப்படவில்லை. கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட விரியன் கடித்தால் எறும்பு கடித்த அளவுக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அவரே துரத்திவிட்டார். துறையில் அன்று நீண்ட வரிசை. பாதை நடு வாவியில் போகும்போது மூச்சு நின்றுபோனது. வாயோடு வாய் வைத்து ஊதினேன் என்றான் சீனித்தம்பி. எவ்வளவு நேரம் என்று டொக்டர் கேட்டதற்குத் தெரியாது என்றான். அந்த நேரத்தில் யார்தான் மணிக்கூடு பார்ப்பார்கள்?

அந்த ஐ.சி.யூ.வில் கட்டில் நாலு, ஒழுங்காக மூச்சுத் தள்ளுகிற மெசின் ஒன்று. விஷமுறிவு மருந்து ஏற்றி அருமைநாயகத்தை அந்த மெசினில் போட்டார்கள். மூன்று நாள் அவன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை.

வேலை மட்டும் குறையவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டி முதுகைத் துடைக்கவேண்டும். குழாய்க்குள் சளியை உறிஞ்சவேண்டும். மூடாத கண் காயாமல் களிம்பு பூசி ஒட்டவேண்டும், வாயைப் பஞ்சால் கழுவவேண்டும். மங்கையற்கரசியோடு அந்த முறையில் நின்றவள் ஸஹீதா, காத்தான்குடிப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம். தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒருவர் தெருவால் ஒருவர் போகப் பயந்த காலத்திலும் இந்த இரண்டு பேரும் ஒரே துவாயில் கை துடைத்தவர்கள். அது நோன்பு மாதம். ஸஹீதா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பகல் முழுக்க ஆள் புரட்டினாள். உனக்கு நோன்பு, எனக்குத்தான் களைப்பு என்று மங்கையற்கரசி பகிடி பண்ணுவாள்.

நாலாம் நாள் செல் வெடித்துக் காயம்பட்ட ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்தார்கள். மெசினை அவளுக்குக் கொடுக்கவேண்டி வந்தது. அருமைநாயகத்துக்குக் கைமூச்சு. மிஸிமார் இரண்டு பேரும் சீனித்தம்பியும் முறை வைத்து அமத்தினார்கள். அரை மணித்தியாலத்தில் கட்டைவிரல் மரத்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் தோள் கழன்றது போலாகும். அப்போதுதான் ஸஹீதா ஒரு விஷயம் சொன்னாள்.

"அக்கா, பொண்டாட்டிர குரல் கேட்டா இவர்ர நாடி ஏறுது. ரெண்டு தரம் எண்ணிப் பாத்தன்."

மங்கையற்கரசி பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், அது உடம்பின் பழக்கம், ஆள் போனாலும் கொஞ்ச நாளைக்கு இருக்கும் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். இருபது வருட வேலை அவள் வாயில் இருந்தது. இரண்டு வருட வேலைக்காரி என்னத்தைச் சொல்ல? ஸஹீதா போய்ப் பஞ்சை நனைத்தாள்.

பெரிய டொக்டர் அந்தக் கிழமை ஊரில் இல்லை. இருந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒருவர், நித்திரையில்லாமல் சுவரில் சாய்ந்தபடி நிற்பார். ஐந்தாம் நாள் காலையில் அவர் அருமைநாயகத்தின் மனைவி சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டு, மூச்சு நின்றபோதே மூளை செத்திருக்கவேண்டும், இனி எங்கள் கையில் இல்லை என்று சொன்னார். சின்னத்தங்கம் அழவில்லை. நேரே வந்து மங்கையற்கரசியின் முன்னால் நின்றாள்.

"மிஸி, நீங்க ஆக்கள மூச்சோட வீட்ட கொண்டந்து தருவீங்களாம். இவரையும் கொண்டந்து தாங்க. எங்கட வளவிலேயே போகட்டும்."

அன்று மங்கையற்கரசிக்கு லீவு இல்லை. ஆள் மாற்றி லீவு எடுத்தாள்.

துண்டு வெட்டி வண்டியில் ஏற்றும்போது மணி பதினொன்று. துறையில் ஆமிக்காரன் கடிதத்தைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டான். அவனும் இதற்குமுன் பார்த்ததுதான். பாதையில் தூறல். சின்னத்தங்கம் புரிசனுடைய முகத்துக்கு மேலே குடை பிடித்தாள். மங்கையற்கரசி அமத்திக்கொண்டே சீனித்தம்பிக்கு விளங்கப்படுத்தினாள்: எல்லாரும் பார்த்து முடிந்ததும் எனக்குக் கண் காட்டுங்கள், நான் கையை எடுக்கிறேன், அதிக நேரம் இழுபடாது, நோவு இருக்காது. ஆறு பேரின் வீட்டாருக்கும் சொன்ன அதே சொற்கள். தாழ்ந்த குரலில் சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. செத்தவனுக்கு என்ன கேட்கும்?

வளவு நிறையச் சனம். விறாந்தையில் பாய் விரித்துத் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து குனிந்து காதில் சொன்னார்கள். சீனித்தம்பி வேளாண்மையை நான் பார்த்துக்கொள்வேன், நீ பயப்படாமல் போ என்றான். கடைசியில் சின்னத்தங்கம் வந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டோம், பாருங்கள் என்று சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மிஸி, இவர் என்ட விரலப் புடிக்கிறார்."

சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று குரல் வைத்தார்கள். அது கடைசி இழுப்பு புள்ள, மனத்தைத் தளரவிடாதே என்று யாரோ அவளைத் தேற்றினார்கள். சீனித்தம்பி மங்கையற்கரசிக்குக் கண் காட்டினான். அவளுடைய கை பையில் தளர்ந்ததும் உண்மை. அந்த இடத்தில் ஸஹீதா சொன்னது நினைவுக்கு வந்திருக்காவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல இடமே இருந்திராது. அவள் ஒரு கையால் பையை அமத்தியபடி மற்றக் கையின் சுட்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அருமைநாயகம், நான் சொல்றது கேட்டா ரெண்டு தரம் அமத்துங்க."

ஒன்று. ஒரு குழந்தை பிடிக்கிற அளவு பலம்கூட இல்லை. மங்கையற்கரசி பையை அமத்தினாள், விட்டாள், அமத்தினாள். பிறகு இரண்டு.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை. விளக்கை அணைக்கச் சொன்னாள். "ஆள் இரிக்கார், உள்ளுக்க முழிச்சிக்கிட்டு இரிக்கார், நாலு மணிக்கு முந்தி துறைக்குப் போகணும்" என்று அவள் சொன்னது பாதிப் பேருக்கு விளங்கவேயில்லை. சின்னத்தங்கத்துக்கு விளங்கியது. அவள்தான் முதலில் எழுந்து பாயின் ஒரு மூலையைப் பிடித்தாள்.

மாட்டு வண்டிலில் துறைக்கு வந்து, வண்டிலோடு பாதையில் ஏறி, எழுவான்கரையில் இறங்க மூன்றேமுக்கால். சென்றியில் காலையில் நின்றவன் மாறி வேறொருவன் நின்றான். கடிதத்தில் சாகப்போகிற ஆள் என்று எழுதியிருக்கிறது; சாகப்போனவன் ஏன் திரும்பி வருகிறான் என்று அவனுக்குச் சந்தேகம். பாய்க்கடியில் என்ன, வண்டிலில் என்ன என்று கொச்சைத் தமிழில் கேட்டான். நேரம் போனது. மங்கையற்கரசிக்குத் தோள் எரிந்தது. விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனுடைய கையைப் பிடித்து அருமைநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தம்பி ஆமிக்காரர் நிக்கார். கேட்டா அவர்ர விரல அமத்துங்க."

அந்த இளைஞன் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டான். தானே ஓடிப்போய்த் தடையைத் தூக்கிவிட்டான்.

துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில்தான் மங்கையற்கரசி மற்ற ஆறு பேரையும் நினைத்தாள். ஐந்து பேரைப் பற்றி மனம் அவ்வளவு நடுங்கவில்லை. தலையில் சன்னம் பட்டவர்கள், மூளையில் இரத்தம் கசிந்த கிழவர், நீரில் மூழ்கி எடுத்தவர். ஆறாவது ஆள் இராசாத்தி, பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முந்தியது. அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் நிலத்தில் படுத்த பிள்ளை, இதே விரியன் கடித்தது, மூன்றாம் நாள் டொக்டர் கைவிட்டார். இப்படித்தான் பாயில் கிடத்தி, இப்படித்தான் பால் வைத்து, தாய் ஆச்சிப்பிள்ளை கண் காட்டியதும் மங்கையற்கரசி கையை எடுத்தாள். அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் அவள் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

மெசின் இன்னும் கர்ப்பிணியிடம்தான். அருமைநாயகத்துக்கு மேலும் நாலு நாள் கைமூச்சு. வட்டையிலிருந்து ஆட்கள் முறை வைத்து வந்து அமத்தினார்கள். ஸஹீதா இடது கையால் பையை அமத்திக்கொண்டு வலது கையால் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மங்கையற்கரசிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதலில் கால்விரல், பிறகு கை, பிறகு இமை. பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆயுசு கெட்டி, எமன் வாசல் வரை போய்த் திரும்பிய ஆள் என்று வார்டு முழுக்க வந்து அருமைநாயகத்தைப் பார்த்தது. அவன் கஞ்சி குடித்தான். அண்ணன் பெரிசாக அழுதான், ஆனால் வேளாண்மையைத் தன் கையில் எடுத்துக்கொண்டுதான் அழுதான் என்று சொல்லிச் சிரித்தான். சனம் போனபிறகு, மங்கையற்கரசி அவன் வாயைத் துடைக்கும்போது, கம்மிய குரலில் அவளிடம் சொன்னான்.

"எல்லாம் கேட்டது மிஸி. பாதையில நீங்க அண்ணனுக்குச் சொன்னீங்களே, கைய எடுப்பன் எண்டு. அதும் கேட்டது. வேணாம், வேணாம் எண்டு உள்ளுக்க கத்தினன். ஒருத்தருக்கும் கேக்கல்ல."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள்தான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று கும்பிட்டான். மங்கையற்கரசி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.

அடுத்த ஞாயிறு ஆச்சிப்பிள்ளையிடம் போகிறேன் என்று அவள் சொன்னபோது ஸஹீதா தடுத்தாள். அது நல்ல தடைதான்.

"சொல்லி என்னக்கா? உங்கட பாரம் குறையும், அந்த உம்மாட பாரம் கூடும். போய்ச் சேந்த அந்தப் புள்ளைக்கு அது இனி வேணுமா?"

போகாமல் இருக்க மங்கையற்கரசியால் முடியவில்லை. அருமைநாயகம் பிழைத்த கதை வாவி தாண்டிப் பரவிவிட்டது. பாம்பு கடித்தவன் பாயிலிருந்து திரும்பி வந்தான் என்று ஆச்சிப்பிள்ளையின் காதிலும் விழும். விழுந்தால் அவள் கணக்குப் பார்க்கமாட்டாளா? ஊர் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தாள். அதுவும் முழு உண்மையில்லை. யாராவது தன்னை ஏசவேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

ஆச்சிப்பிள்ளை வளவில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் கையை உதறிவிட்டு வந்து அணைத்துக்கொண்டாள். என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த மகராசி என்று பக்கத்து வளவுக்குக் கேட்கச் சொன்னாள். முட்டித் தயிரும் சோறும் வைத்து, ஒன்றும் பேசாமல் முதலில் சாப்பிடு என்றாள். மங்கையற்கரசி இரண்டு பிடி பிசைந்துவிட்டுக் கையை எடுத்தாள். அருமைநாயகத்தின் கதையை முதலிலிருந்து சொன்னாள். விரல் பிடித்தது, துறையில் திரும்பியது, குழாய் எடுத்தபிறகு அவன் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், இராசாத்திக்கும் இதே பாம்புதான் அக்கா, நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, பார்த்திருக்கவேண்டும் என்றாள்.

ஆச்சிப்பிள்ளை ஏசவில்லை. நெற்பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். நெல் வெடித்துவிட்டது, இறக்கவேண்டும். அவள் இறக்கவில்லை, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப அவளுக்குக் கேட்டிருக்குமா மிஸி? நாங்க கதைச்சதெல்லாம்?"

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி இருந்தது. சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய்யை அவள் அந்த வேலையில் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டிருக்கும் அக்கா."

ஆச்சிப்பிள்ளை மூடியை மெல்ல நிலத்தில் வைத்தாள்.

"கடைசியா ஏதும் சொல்றதெண்டா காதுக்குள்ள சொல்லுங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க. உசிர் இழுபடாமப் போகட்டுமெண்டு நான் சொன்னன். அம்மாவ யோசிக்காத மகள், நீ போயிரு மகள், போயிரு எண்டு மூணு தரம் சொன்னன்."

அடுப்பில் பானை தழும்பி நெருப்பு சீறியது. இரண்டு பேரில் ஒருவரும் அதை இறக்கப் போகவில்லை.

"அவள் என்ட சொல்லுக்கு ஒரு நாளும் சரியெண்டதில்ல மிஸி. மாட்டன், மாட்டன் எண்டுதான் கத்தியிருப்பாள்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "எனக்குக் கேக்கல்லியே."